டோமியே யார் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவிய இயக்கங்களின் சண்டையைக் கேலிச்சித்திரங்கள் வழியே சொன்ன சென்ற இதழ்க் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த விஷயத்தைக் கையில் எடுத்ததற்கே நன்றி. ஆனால் பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் ஓனோரே டோமியே வரைந்த, பழைய கிரேக்க, ரோம அழகைப் போற்றும் இலட்சியவாதமும் கண்ணால் காண்பதை உள்ளபடி வரையும் யதார்த்தவாதமும் மோதும் படத்துக்குக் கீழே, அது யதார்த்தவாத ஓவியர் கூர்பேயின் தனிக் கண்காட்சியைக் கிண்டல் செய்கிறது என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. படம் 'லெ ஷாரிவாரி' என்ற கேலி இதழில் வந்தது 1855 ஏப்ரல் 24 அன்று. கூர்பே தன் கண்காட்சி மண்டபத்தைத் திறந்ததோ ஜூன் 28 அன்று.

தேதியாவது போகட்டும். டோமியே யதார்த்தவாதியைத் தாக்குகிறார் என்று கட்டுரை ஒரேயடியாகச் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். யதார்த்தவாதி குள்ளமாக, மரச்செருப்பும் கட்டம் போட்ட கால்சட்டையுமாக, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி பெரிய தூரிகையோடு நிற்கிறான். சரி, எதிரில் நிற்கும் இலட்சியவாதி? உடம்பில் துணி இல்லை, தலையில் கிரேக்கத் தலைக்கவசம், மூக்கில் கண்ணாடி. வண்ணத்தட்டுதான் கேடயம், வரையும்போது கையைத் தாங்கும் கோல்தான் ஈட்டி. பழைய மரபைச் சேர்ந்த பிரெஞ்சு ஓவியர் தாவீதின் 'சபைன் பெண்கள்' ஓவியத்தில் கம்பீரமாக நிற்கும் ரோம வீரன் ரோமுலஸின் அதே நிலை, ஆனால் இங்கே வற்றிப்போன உடம்பில். அந்த மூக்குக்கண்ணாடி ஒன்று போதும், பழைய ஓவிய மரபின் மானம் போக! இதில் டோமியே யார் பக்கம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவரே உழைக்கும் மக்களை உள்ளபடி வரைந்தவர். அப்படிப்பட்டவர் இருவரையுமே விட்டுவைக்கவில்லை என்பதுதான் எனக்கு இந்தப் படத்தின் அழகு.

அப்புறம், இன்னொரு கேலிச்சித்திரக்காரர் பெர்தால் 1849-இல் வரைந்த குதிரைச் சண்டை. வண்ணத்தை நம்பிய ஓவியர் டெலக்ருவாவும் கோட்டுருவத்தை நம்பிய ஓவியர் ஆங்க்ரும் மோதுவதை வண்ணத்துக்கும் கோட்டுக்குமான சண்டை என்று மட்டும் கட்டுரை சொல்லிவிட்டுப் போகிறது. பின்னால் இருக்கும் கட்டடம் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட், தேர்ந்தெடுக்கப்பட்ட கலைஞர்களும் அறிஞர்களும் மட்டுமே உறுப்பினராகும் கழகம். ஆங்க்ர் 1825-லேயே அதன் உறுப்பினர். டெலக்ருவா பல முறை முயன்று தோற்று, 1857-இல்தான் உள்ளே போனார். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. அந்த வாசலை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தால் பாதிதான் புரியும்.

கேலிச்சித்திரத்துக்கு இரண்டு பேர் எதிரெதிரே நின்றாக வேண்டும். ஓவியர்கள் அப்படிப் பிரிந்து நின்றார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பின்னால் வந்த ஓவியர் டெகா இந்த ஆங்க்ர், டெலக்ருவா இருவரையும் போற்றினார். இருவரின் படங்களையும் தேடித்தேடி வாங்கிச் சேர்த்தார். கட்டுரையில் அவருக்கு ஒரு வரி கூட இல்லை, எனக்கு அது பெரிய குறை.

அடுத்த முறை இப்படங்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்காமல், அரைப் பக்கமாவது கொடுங்கள். மூலத்தில் படத்தின் கீழே உள்ள வரியையும் தமிழில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்