நோங் காயிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியரான அன்புள்ள அக்காவுக்கு, ஆங்கிலத் துறை அறையில் என்னோடு மேசை பகிர்ந்தவர்களுக்கு, வீட்டுக்கார அம்மாவுக்கு, மத்தயோம் எனும் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு, சென்னையில் என் சான்றிதழ்களோடு அலைந்த நண்பர்களுக்கு,

வணக்கம்.

தாய்லாந்தில், லாவோஸ் எல்லையோர நோங் காயில் நான் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை முடியப் போகிறது. இங்கே பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. தேர்வுகள் முடிந்துவிட்டன. மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றுவதும், மறுதேர்வு எழுத வேண்டியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பதும்தான் பாக்கி. அந்த வேலையும் முடிந்ததும் நோங் காயில் ரயிலேறி, மேகோங் ஆற்றைக் கடந்து லாவோஸ் போகிறேன். அதன்பிறகு சில மாதங்கள் பயணம்தான். கிளம்புகிற பரபரப்பில் பாதிப் பேரிடம் நிதானமாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்று இப்போதே தெரிகிறது. அதனால்தான் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

அக்கா, முதலில் உங்களுக்கு. பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், எழுதவில்லை. ஆனால் நீங்கள் செய்ததை எழுதாமல் இருக்க மாட்டேன்.

வெளிநாட்டுக்குப் போய் ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் போகிறவரைப் பற்றியே பேசுகிறார்கள். பள்ளியின் விளம்பரப் பலகையில் இருப்பதும் எங்கள் படம்தான். நாங்களோ ஓர் ஆண்டு, மிஞ்சினால் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அடுத்த மே மாதம் வேறொரு முகம், வேறொரு உச்சரிப்பு. பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். இத்தனை வருகைகளுக்கும் புறப்பாடுகளுக்கும் நடுவே அதே வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக நின்று, இலக்கணம் நடத்தி, ஓ-நெட் எனும் நாடு தழுவிய தேர்வுக்குத் தயார்செய்து, கூடவே எங்களையும் பழக்கி எடுப்பவர் அந்த ஊர் ஆங்கில ஆசிரியர். ஒவ்வொரு வகுப்புக்கும் நான் போவது வாரத்தில் ஒரு பாடவேளை. மற்றதெல்லாம் உங்களுடையது. நான் கற்பித்ததாகப் பெற்றோர்கள் என்னிடம் கைகூப்பிச் சொல்வதில் பெரும்பகுதி நீங்கள் கற்பித்தது. பொதுவில் எழுத நினைத்ததற்கு முதல் காரணமே இதுதான்.

வந்த முதல் வாரத்தில் என்னை உட்காரவைத்து ஒரு விஷயம் விளக்கினீர்கள். தாய்லாந்து மொழியில் எந்தச் சொல்லும் ‘ஸ்’ ஒலியிலோ ‘ல்’ ஒலியிலோ முடிவதில்லை. அதனால் ‘ஸ்கூல்’ பிள்ளைகள் வாயில் ‘ஸகூன்’ ஆகிறது, ‘ஹவுஸ்’ என்பதன் கடைசி ஒலி காணாமல் போகிறது. வினைச்சொல்லும் காலத்துக்கேற்ப உருமாறாது. ‘நேற்று’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அங்கே வேலை முடிந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பிள்ளைகள் கவனக்குறைவாக எதையும் விழுங்கவில்லை, வாய்க்கும் காதுக்கும் அது புதிது என்பது புரிந்தது. அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடத்தைச் சொற்களின் கடைசி ஒலிக்கென்றே ஒதுக்கினோம். நான் சொல்ல, நீங்கள் பின்வரிசையில் நின்று ஒவ்வொரு வாயாகப் பார்த்து வருவீர்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே உங்கள் ஓய்வுப் பாடவேளையை விட்டுக்கொடுத்தீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தயோம் இரண்டில், நம் கணக்கில் எட்டாம் வகுப்பில், ஒரு பையன் ஆண்டு முழுவதும் என்னிடம் வாய் திறக்கவில்லை. கடைசிப் பேச்சுத் தேர்வு நெருங்கியபோது, பாடநூலில் உள்ள ‘என் பொழுதுபோக்கு’ தலைப்பை விட்டுவிட்டு அவனுக்குத் தெரிந்ததைக் கேள் என்றீர்கள். அவன் வீட்டில் மேகோங் ஆற்றில் கூண்டு கட்டித் திலாப்பியா மீன் வளர்க்கிறார்கள். நோங் காய் கரையில் பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. மதிய இடைவேளையில் அவனை உங்கள் மேசைக்கு அழைத்து, மிதவை, வலை, தீவனம், நீரோட்டம் என்று அவனுக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களை மட்டும் எழுதிக்கொடுத்தீர்கள்.

தேர்வன்று அவன் ஒரு தாளில் கூண்டின் படம் வரைந்து எடுத்து வந்தான். விரலை அதன்மேல் வைத்தபடி பேசினான். தண்ணீர் வேகமாக வருகிறது, வேகமாகப் போகிறது, மீன் செத்துப்போகிறது, நேற்று அப்பா தூங்கவில்லை என்றான். ஆற்றுக்கு மேலே லாவோஸில் சயபூரி அணை 2019 முதல் மின்சாரம் எடுத்துவருகிறது. நீர்மட்டம் சட்டென்று ஏறி இறங்குவதாகக் கரையோர மீனவர்கள் அப்போதிலிருந்தே முறையிடுகிறார்கள். அதைத்தான் அவன் தன் ஆங்கிலத்தில் சொன்னான். கடைசி வாக்கியத்தில் இறந்தகாலம் சரியாக விழுந்திருந்தது. நீங்கள் தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள், நான் பார்த்தேன். ஆசிரியராக இருப்பது என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த மதிய இடைவேளைகளைப் பற்றித்தான் சொல்வேன்.

பிலிப்பைன்ஸிலிருந்து வந்து இங்கே பணிபுரியும் தோழர்களே, நீங்கள் இல்லையென்றால் நான் காகிதத்திலேயே மூழ்கியிருப்பேன். குருசபா எனும் ஆசிரியர் மன்றத்தின் தற்காலிக அனுமதி, பணி அனுமதி, 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரியைத் தெரிவிப்பது என்று எதை எப்போது, எத்தனை நகலோடு கொண்டுபோக வேண்டும் என்பது உங்களுக்கு மனப்பாடம். இப்போது கிளம்பும்போதும் நீங்கள்தான் எச்சரித்தீர்கள். வேலை முடிகிற நாளோடு அந்த வேலையைக் கொண்டு பெற்ற தங்கும் அனுமதியும் முடிந்துவிடும், ஆகவே பணி விலகல் கடிதத்தில் எந்தத் தேதி இருக்கிறது என்று பார், அதற்கேற்ப ரயில் சீட்டு எடு என்றீர்கள். வேலை முடிந்து சாவகாசமாக ஊர் சுற்றிவிட்டுப் போகலாம் என்று நினைக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

உங்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வேலைக்கான விளம்பரங்களில் பல, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சில நாட்டவர் மட்டுமே வேண்டும் என்கின்றன. பிலிப்பைன்ஸிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருபவர் அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு நடத்தினாலும் பல இடங்களில் சம்பளம் குறைவு. அது நியாயமில்லை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவருக்கு, கற்கிறவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்பது சொந்த அனுபவமாகத் தெரியும். உங்கள் வகுப்புகளின் பின்பெஞ்சில் உட்கார்ந்து இதை நான் கண்ணால் பார்த்தேன். என் கடவுச்சீட்டைப் பார்க்குமுன் என் மாதிரி வகுப்பைப் பார்த்து முடிவெடுத்த எங்கள் பள்ளி முதல்வருக்கும் இந்த இடத்திலேயே நன்றி.

வீட்டுக்கார அம்மா, நான் குடிவந்த அன்றே என் கடவுச்சீட்டு நகலை வாங்கிப் பதிவுசெய்துவிட்டு வந்தீர்கள். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம், அது கடமை. ஆனால் 2024 செப்டம்பரில் நீங்கள் செய்தது எந்தச் சட்டத்திலும் இல்லை. யாகி புயலின் மழை வட தாய்லாந்திலும் லாவோஸிலும் கொட்டித் தீர்த்து, மேகோங் வழியாக இறங்கி, மாத நடுவில் நோங் காய் நகருக்குள் புகுந்தது. தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கிய இரவு, உங்கள் அரிசி மூட்டைகளைத் தூக்குமுன் என் புத்தகப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றச் சொல்லி உங்கள் மகன்களை அனுப்பினீர்கள். நான் தடுத்தும் கேட்கவில்லை. நீர் வடிந்தபின் தெருவே சேறு. எங்கள் துறை ஆசிரியர்கள் எல்லாரும், வார நாளில் காக்கிச் சீருடையில் விறைப்பாக நிற்பவர்கள், முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்து நம் தெருவைக் கழுவினார்கள். அவர்களில் சிலர் வீட்டிலும் அப்போது தண்ணீர்.

சென்னையில் இருந்த நண்பர்களுக்கு நான் பட்ட கடன் வேறு வகை. பட்டச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், பிறகு தாய்லாந்துத் துணைத் தூதரகம் என்று எனக்காக வரிசையில் நின்றீர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு போனவரும் உண்டு. நன்றி என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

பிள்ளைகளே,

ஜூன் மாதம், ஆசிரியர்களை வணங்கும் வாய் க்ரூ நாளில் நீங்கள் ஏந்தி வந்த தட்டுகளில் வெட்சிப்பூவும் அறுகம்புல்லும் கத்தரிப்பூவும் நெற்பொரியும் இருந்தன. வெட்சி மொட்டு ஊசிபோல் அறிவு கூர்மையாக வேண்டும் என்பதற்கு, அறுகு படர்வதுபோல் கல்வி பரவ வேண்டும் என்பதற்கு, தலைகுனிந்து பூக்கும் கத்தரி பணிவுக்கு என்று விளக்கியது உங்கள் வகுப்புத் தலைவி. எல்லாமே நான் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய செடிகள். வந்து சில வாரங்களே ஆன ஒருத்தியின் முன் வரிசையாக மண்டியிட்டுக் கும்பிட்டீர்கள். அந்த மரியாதைக்கு ஏற்ப நடக்க வேண்டும் என்ற எண்ணம் ஆண்டு முழுவதும் என்னை விடவில்லை.

காலை எட்டு மணிக் கொடிவணக்கம், வகுப்புக்கு முன் வாசலில் கழற்றி வைத்த நாற்பது ஜோடிக் காலணிகள், நான் நுழைந்ததும் ஒரே குரலில் நீங்கள் பாடும் ‘குட் மார்னிங் டீச்சர்’, எல்லாமே எனக்கு நாளின் தொடக்கமாகிவிட்டன. சென்ற வாரம் மூன்றாம், ஆறாம் மத்தயோம் மாணவர்களை வழியனுப்பும் விழாவில் நீங்கள் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனாவால் எழுதிக்கொண்டீர்கள். என் மேல்சட்டையிலும் எழுத இடம் கேட்டீர்கள். தாய்லாந்து எழுத்தில் எழுதியதை நான் இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.

அன்று மாலை துறை அறையில் எனக்காக பாய் ஸ்ரீ சடங்கு வைத்தார்கள். மனித உடலில் 32 ‘குவான்’, அதாவது காக்கும் ஆவிகள், குடியிருக்கின்றன, ஊரைவிட்டுப் போகிறவரை விட்டு அவை அலைந்துவிடாமல் கூப்பிட்டு நிறுத்த வேண்டும் என்பது வடகிழக்குத் தாய்லாந்தான ஈசானின் மக்களின் நம்பிக்கை. பெரியவர் ஒருவர் ஓத, ஒவ்வொருவராக வந்து என் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். துப்புரவுப் பணி செய்யும் பெரியம்மா கட்டும்போது ஈசான் மொழியில் நெடுநேரம் ஏதோ சொன்னார். நல்லபடியாகப் போ, நல்லபடியாகச் சாப்பிடு, வழியில் நல்ல மனிதர்கள் கிடைக்கட்டும் என்று அக்கா எனக்குச் சொல்லித் தந்தார்கள். மூன்று நாளாவது நூலைக் கழற்றக் கூடாது என்றார்கள். ஒரு வாரம் ஆகிறது, கழற்றவில்லை.

எங்கே போகிறேன் என்று எல்லாரும் கேட்கிறீர்கள். 1994-இல் திறந்த நட்புப் பாலத்தின் மேல் ரயிலில் போய் வியஞ்சானில் இறங்குவேன். அங்கிருந்து புதிய லாவோஸ்–சீன ரயிலில் லுவாங் பிரபாங். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்கிறார்கள். பிறகு அவசரமில்லாத பயணம். மேகோங்கில் எதிர்நீச்சலாக ஹுவாய் சாய் போகும் மெதுபடகில் இரண்டு நாள், நடுவில் பாக்பெங்கில் ஓர் இரவு. விமானத்தில் போக வழியிருந்தும் படகைத் தேர்ந்தது அந்த மீன் வளர்க்கும் பையனின் தேர்வைக் கேட்ட பிறகுதான். நான் தினமும் கரையிலிருந்து பார்த்த தண்ணீர் எந்த ஊர்களைக் கடந்து இறங்கி வருகிறது என்று பார்க்க வேண்டும். தம்பி, வழியில் மீன் கூண்டுகளைக் கண்டால் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்புகிறேன். உன் அப்பாவிடம் காட்டு.

என் பாடக் குறிப்புகள், படஅட்டைகள், ஒலிப்பதிவுகள் எல்லாம் துறை அறை அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. கடைசி ஒலிப் பயிற்சிக்கான தாள்கள் தனி உறையில். மே மாதம் வரப்போகும் புதிய ஆசிரியருக்கு ஒரு கடிதமும் அதில் வைத்திருக்கிறேன். எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று அதில் அதிகம் எழுதவில்லை, அக்காவிடம் கேளுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

இந்த மடலின் சுருக்கத்தை எளிய ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறேன். அக்கா தாய்லாந்து மொழியில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதைப் படிக்கும் பிள்ளைகளில் யாருக்காவது ஆங்கிலப் பாடத்தில் மதிப்பெண்ணுக்குப் பதில் ‘ரோ’ எனும் குறி விழுந்திருந்தால், வேலையை ஒப்படைக்கவில்லை என்றுதான் பொருள், தோற்றுவிட்டீர்கள் என்றில்லை. வெள்ளிக்கிழமை மாலைவரை நான் துறை அறையில் இருப்பேன். நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். பேச்சுத் தேர்வைத் தவறவிட்டவர்கள் மதிய இடைவேளையில் வரலாம், துணைக்கு நண்பரையும் கூட்டிவரலாம். உங்களில் ஒருவரைக்கூட ‘ரோ’வோடு விட்டுவிட்டு ரயிலேற எனக்கு மனமில்லை.

நன்றியுடன்,
உங்கள் டீச்சர்
நோங் காய், மார்ச் 2025