பலித்ததா என்று மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இலக்கியப் பக்கத்தில், நெடுந்தொலைவு எதிர்காலத்தில் நடக்கும் அறிவியல் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுத்தாளர் எழுத்தாளராகக் கணக்குப் பார்த்து, பெரும்பாலானவை காலாவதியாகிவிட்டன என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அமெரிக்க அறிவியல் கதை எழுத்தாளர் கார்ட்வெய்னர் ஸ்மித்துக்கு அதில் ஒரே ஒரு வரி: பூனைகள் விண்கலம் ஓட்டும் கதைகளை எழுதியவராம்.

அவர் கதைகளில் பூனைகள் கலம் ஓட்டுவதில்லை. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் கால்நடைப் பராமரிப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வேம்பூர் ஆடுகளுக்கு ஊசி போட்டே காலம் போனது. இலக்கியம் படித்து வந்தவள் அல்ல. ஆனால் ஸ்மித்தின் சிறுகதைகளை வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் படிக்கிறேன். அவர் எழுதிய அறிவியல் சிறுகதைகள் அனைத்தும் 1993இல் ‘தி ரீடிஸ்கவரி ஆஃப் மேன்’ என்ற பெயரில் ஒரே தொகுப்பாக வந்தன. பெரும்பாலும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நடக்கும் கதைகள் அவை. அந்தத் தொலைவில் போய் நின்றுகொண்டு எந்த எழுத்தாளர் நமக்கு ஜோசியம் சொல்லப்போகிறார்?

ஸ்மித் என்பது புனைபெயர். ஆளின் பெயர் பால் லைன்பார்கர். 1913இல் பிறந்த அமெரிக்கர். தந்தை சீனத் தலைவர் சுன் யாட்-சென்னுக்குச் சட்ட ஆலோசகர். சுன் யாட்-சென்னே இவருக்கு ஞானத்தந்தை. பிற்பாடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிய அரசியல் பேராசிரியர், ராணுவத்துக்கு உளவியல் போர் வல்லுநர். 1948இல் அந்தப் போர்முறையைப் பற்றி அவர் எழுதிய நூல் அந்தத் துறைக்குப் பாடநூலாகவே இருந்தது. எதிரியின் மனத்தைக் கலைப்பது எப்படி என்று பகலில் எழுதியவர்தான் இந்தக் கதைகளையும் எழுதினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். 1966இல் 53 வயதில் இறந்துவிட்டார்.

ஸ்மித் என்ற பெயரில் வந்த முதல் கதை ‘ஸ்கேனர்ஸ் லிவ் இன் வெய்ன்’. பெரிய பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட, 1950இல் ‘ஃபேன்டஸி புக்’ என்ற சிறு பத்திரிகையில் வந்தது. விண்வெளிக்குப் போனால் தாங்க முடியாத வலி ஒன்று மனிதனைக் கொல்கிறது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, கலம் நடத்துபவனின் மூளைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தொடர்பை அறுத்துவிடுவது. கண் மட்டும் மிஞ்சும். தொடுவது தெரியாது, வாசனை தெரியாது, காது கேட்காது. நெஞ்சில் பதித்த பெட்டியின் முள்களைப் பார்த்துத்தான் தன் இதயம் ஓடுகிறதா என்றே தெரிந்துகொள்ள வேண்டும். தண்டனைக் கைதிகளுக்கு இதைப் பலவந்தமாகச் செய்வார்கள். அவர்களை மேய்க்கும் ஸ்கேனர்களோ தாமாக முன்வந்து அறுத்துக்கொண்டவர்கள். அந்தத் தியாகத்தால் ஊரெல்லாம் அவர்களுக்குப் பெருமை.

இந்த நிலையில் ஆடம் ஸ்டோன் என்ற ஒருவர் வலியில்லாமல் போக வழி கண்டுபிடிக்கிறார். கலத்தின் சுவர் முழுக்கச் சிப்பிகளை அடைக்கிறார். வெளி வரிசைச் சிப்பிகள் வலியை வாங்கிக்கொண்டு செத்துப்போகின்றன. உள்ளே இருக்கும் மனிதர்கள் பிழைக்கிறார்கள். செய்தி தெரிந்ததும் ஸ்கேனர்களின் சங்கம் அவசரமாகக் கூடி, ஸ்டோனைக் கொன்றுவிட வேண்டும் என்று வாக்கெடுத்து முடிவு செய்கிறது. வலியே இல்லை என்றால் அவர்கள் அறுத்துக்கொண்டதற்கு என்ன அர்த்தம்? ஒரு கம்பியின் உதவியால் சில மணி நேரத்துக்கு மட்டும் உணர்வு திரும்பிய நிலையில் கூட்டத்துக்கு வந்திருக்கிற மார்ட்டெல் என்ற ஸ்கேனருக்குத்தான் அந்த முடிவின் கொடூரம் உறைக்கிறது. தொழில் போய்விடும் என்ற பயம் நல்லவர்களைக்கூட எந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இன்னொரு கதையை நான் படித்ததில்லை. இதில் எந்தக் கணிப்பு பலிக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எதிர்பார்க்கிறார்? எல்லாரும் மார்ட்டெல்லைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குச் சிப்பிகள்தான் கண்ணில் நிற்கும். அவற்றுக்காக அந்தக் கதையில் ஒருவரும் வருத்தப்படுவதில்லை. ஸ்மித் வேண்டுமென்றே விட்டாரா, கவனிக்காமல் விட்டாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

இனி பூனைகள். 1955இல் ‘கேலக்ஸி’ இதழில் வந்த ‘தி கேம் ஆஃப் ராட் அண்ட் டிராகன்’ கதையில், நட்சத்திரங்களுக்கு நடுவேயுள்ள இருட்டில் ஏதோ ஒன்று கலங்களைத் தாக்கி, பயணிகளைக் கொல்கிறது அல்லது பைத்தியமாக்குகிறது. மனிதர்களுக்கு அது டிராகன். பூனைகளுக்கு வெறும் எலி. ஒளிக்குண்டு வெடித்தால்தான் அது சாகும். மனிதனின் அனிச்சைச் செயல் அந்த வேகத்துக்குப் போதாது. ஆகவே கால்பந்து அளவுக் கூடுகளில் பூனைகளை வைத்து, மனத்தோடு மனம் பேசக்கூடியவர்கள் அவற்றோடு ஜோடி சேர்ந்து போரிடுகிறார்கள். யாருக்கு எந்தப் பூனை என்பது குலுக்கலில் முடிவாகும். அண்டர்ஹில் என்ற இளைஞனுக்கு லேடி மே என்ற பூனை கிடைக்கிறது. சண்டையில் அடிபட்டு மருத்துவமனையில் கண் விழித்தவன் முதலில் விசாரிப்பது அவளைத்தான். பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கு அது எரிச்சலாக இருக்கிறது. விலங்கை வைத்துப் பிழைப்பு நடத்துகிற யாருக்கும் அந்த நர்ஸின் முகம் பழக்கமானதுதான்.

ஸ்மித்தின் உலகத்தில் வேலை செய்வதற்கென்றே விலங்குகளை மனித உருவில் ஆக்கிவைத்திருக்கிறார்கள். பேசும், யோசிக்கும், காதலிக்கும். ஆனால் சட்டப்படி மனிதர் இல்லை. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். பூனை வழி வந்தவள் சி’மெல், நாய் வழி வந்தவள் டி’ஜோன், காளை வழி வந்தவன் பி’டிக்காட். மாட்டுக்கு நாங்கள் போடும் காதுவில்லைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நோய் வந்தால் அவர்களுக்கு மருத்துவம் கிடையாது, அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஆக்கிக்கொள்வார்கள், அதுதான் மலிவு. ‘வைத்தியச் செலவுக்கு இன்னொரு ஆடே வாங்கிடலாம்மா’ என்று கிடையில் நின்றபடி என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கையில் காசில்லாதவர்கள். ஸ்மித்தின் உலகத்திலோ பஞ்சமே கிடையாது. இல்லாமையால் இந்தக் கணக்குப் போடுவது வேறு, எல்லாம் இருந்தும் போடுவது வேறு. அந்தக் கதைகள் என்னை உறுத்துவது அந்த இடத்தில்தான்.

‘எ பிளானட் நேம்ட் ஷேயால்’ 1961இல் வந்தது. தண்டனைக் கோள் ஒன்றில் கைதிகளின் உடலில் புதிதாகக் கையும் காலும் உறுப்புகளும் முளைக்கின்றன. அவற்றை வெட்டி எடுத்து, வெளியே உள்ள நோயாளிகளுக்கு அனுப்புகிறார்கள். வெட்டுகிறவன் பி’டிக்காட். வலிக்கு மருந்து ஏற்றுகிறவனும் அவனே. கேப் டவுனில் முதல் மனித இதய மாற்று நடந்தது 1967இல், அதாவது ஸ்மித் இறந்து ஓராண்டு கழித்து. ஆகவே கணிப்புக் கணக்கில் இதற்கு மதிப்பெண் போடலாம்தான். போட்டுவிட்டுப் போனால் கதை கைநழுவிவிடும். ஒருநாள் அந்தக் கோளுக்குக் குழந்தைகளை அனுப்புகிறார்கள். மனிதர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய அந்தக் கொடுமையைப் பொறுக்க முடியாமல் விதியை மீறுவது அந்தக் காளைமாட்டு மனிதன்தான்.

டி’ஜோன் கதையான ‘தி டெட் லேடி ஆஃப் க்ளௌன் டவுன்’ வந்தது 1964இல், அமெரிக்காவில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில். ஆயுதமில்லாமல் ஊர்வலம் போகும் விலங்கு மனிதர்கள் தம்மைக் கொல்ல வரும் வீரர்களிடம் ‘உங்களை நேசிக்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டே சாகிறார்கள். அந்த நாய்ப்பெண்ணைத் தீயில் எரிக்கிறார்கள். கொரியப் போரில் சரணடைய வெட்கப்பட்ட சீன வீரர்களுக்கு லைன்பார்கர் ஒரு வழி செய்து கொடுத்தாராம்: அன்பு, கடமை முதலான சில சீனச் சொற்களை வரிசையாகக் கூவிக்கொண்டு வந்தால் போதும், அமெரிக்கர் காதில் அது சரணடைவதாக விழும், அவர்கள் மானமும் போகாது. இதை அறிந்தபின் அந்த ஊர்வலத்தைப் படித்தால் அது வெறும் பிரசங்கமாகத் தோன்றாது.

இந்தக் கதையின் தொடக்கத்திலேயே, முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதானே என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அதற்கும் பல நூற்றாண்டுகள் பின்னால் உட்கார்ந்து, பழங்கதை சொல்வது போன்ற தோரணை. வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் மாடு மீட்கப் போய் உயிர் விடுவான் என்பது கேட்கிற அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். முடிவு தெரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஸ்மித் அவ்வளவு அந்நியர் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. சி’மெல் மூளையும் துணிவும் உள்ளவள், ஆனால் அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை விருந்தாளிகளை மயக்குவது. ஒரு பெண்ணாக எனக்கு அது பிடிக்கவில்லை. பிற்காலக் கதைகள் சிலவற்றில் மதபோதனை தூக்கல். நோயுற்ற ராட்சத ஆடுகளிடமிருந்து சாகாமருந்து எடுக்கும், வேற்றுக்கோளில் வாழும் ஆஸ்திரேலிய வழிவந்த பண்ணைக்காரர்களை அவர் கொஞ்சம் அதிகமாகவே மெச்சுகிறார். நாங்கள் நோயை விரட்டப் போனோம். அங்கே நோய்தான் விளைச்சல். அந்த ஆடுகளைப் பற்றி எழுதும்போதாவது அவர் ஒரு கால்நடை மருத்துவரைக் கேட்டிருக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படியொரு தொகுப்புக்கு மதிப்புரை போடும்போது, பலித்தவை, பலிக்காதவை என்று கட்டம் போட வேண்டாம். அந்த உலகத்தில் யார் வேலை செய்கிறார்கள், யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், நோயில் விழுந்தவரை என்ன செய்கிறார்கள் என்று விமர்சகரிடம் கேளுங்கள். முடிந்தால் அந்தப் பூனைக் கதையை முறையாக உரிமை பெற்று மொழிபெயர்த்து ஞாயிறு பக்கத்தில் வெளியிடுங்கள்; புதிதாகப் படிப்பவர்கள் அதில் தொடங்குவதே நல்லது. ஷேயால் கதையை மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால் எடுக்க வேண்டாம் என்று ஒரு குறிப்பும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
கோவில்பட்டி.