மலைக்குப் போகிறவளின் ஒருசந்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு வாரமலரில், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நாற்பது நாள் கணக்கு, சாம்பல், சிலுவைப்பாதை எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் நாள் முழுக்கத் தேயிலை மலையில் நின்று கொழுந்து பறிக்கிற ஒருத்தி எப்படி நோன்பு இருப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்குகிற திருநீற்றுப் புதன் இந்த வருடம் (2026) பெப்ரவரி 18. அன்றைக்கு எங்கள் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) தங்கச்சி ஒருத்தி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மலைக்குப் போய், பத்தரை மணிபோல தேயிலை நிரையிலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். நாலு பேர் தூக்கிவந்து இஸ்தோப்பில் (வீட்டுத் திண்ணையில்) படுக்கவைத்தோம். சீனி போட்ட தேத்தண்ணியை வாயருகில் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். "வேண்டாம் அக்கா, இன்னைக்கு ஒருசந்தி." கைப்பிள்ளைக்காரி, குழந்தை, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பாலுக்கு அழுதுகொண்டிருக்கிறது. அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் கிடைத்தது.

கத்தோலிக்கச் சட்டம் இதைக் கேட்கவே இல்லை. ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச்சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் கொஞ்சமாகச் சாப்பிடலாம், அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழுச்சாப்பாட்டு அளவுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். கட்டாயம் என்று இருப்பதும் வருடத்தில் இரண்டே நாள், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும், அதுவும் 18 வயதிலிருந்து 59 வயது வரைக்கும். தண்ணீர் குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. நோயாளி, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் இவர்களுக்கெல்லாம் விலக்கு உண்டு. தள்ளிப்போட முடியாத கடுமையான வேலை செய்கிறவர்களை நோன்புச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவைனாஸ் எழுதிவிட்டார். கொழுந்து பறிப்பதை விடவா ஒரு கடுமையான வேலை இருக்கிறது?

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சிக்குத்தான் தடை, மீனுக்கு இல்லை. நாங்கள் கருவாட்டுத் துண்டைக்கூடத் தொடுவதில்லை. பக்கத்துக் காம்பராவில் சிவராத்திரிக்கும் கந்தசஷ்டிக்கும் விரதம் பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், விரதம் என்றால் மச்சம் (மீன், இறைச்சி) கூடாது என்பது சின்ன வயதிலேயே ஊறிப்போனது. இந்த வருடம் சிவராத்திரி 15ஆம் திகதி, மூன்று நாளில் எங்கள் சாம்பல் புதன், அதே வாரம் டவுனில் முஸ்லிம் கடைக்காரர்களுக்கு நோன்பு தொடங்கிவிட்டது. ஒரே வாரத்தில் இத்தனை பேர் வயிற்றைக் கட்டியது எனக்கு மனதுக்கு நிறைவாக இருந்தது.

அந்தத் தங்கச்சி ஏன் தண்ணீரையும் விட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, சபைக்குப் போகிற ஒரு பெண் "நீங்க நோன்புன்னு சொல்லி மூணு வேளையும் சாப்பிடுறீங்களே" என்று கேட்டிருக்கிறாள். அந்த ரோசத்தில் வந்த வினை.

இந்தப் பேச்சு என் வீட்டுக்குள்ளேயே உண்டு. நான் கத்தோலிக்கம், வீட்டுக்காரர் அங்கிலிக்கன், இங்கிலாந்துத் திருச்சபை வழி. மாமியார் தவக்காலத்தை லெந்து காலம் என்பார். அவர்களுடைய பழைய ஜெபப் புத்தகத்தில் அந்த 40 நாளும் உபவாச நாட்கள் என்று இருக்கிறது, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று இல்லை, அதனால் மாமியார் அந்த நாற்பது நாளும் தேத்தண்ணிக்குச் சீனியை விட்டுவிடுவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு கரண்டி, ஏனென்றால் ஞாயிறு கணக்கில் சேராது. நாத்தனார் பெந்தெகொஸ்தே சபை. சாம்பலும் லெந்தும் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்பாள், ஆனால் உபவாச ஜெபம் என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் தொடமாட்டாள். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியும் புதன், வெள்ளிகளில் உபவாசம் இருந்தவர்தான். லெபனானில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற சித்தி மகள் போனில் சொல்கிறாள், கூட வேலை செய்யும் எத்தியோப்பிய ஓர்த்தடொக்ஸ் சபை அக்கா ஈஸ்டருக்கு முன் 55 நாளைக்கு இறைச்சி, பால், முட்டை எதையும் தொடுவதில்லையாம். இந்த வருடம் அவர்களுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 12, எங்களுக்கு 5.

இதில் யார் பெரியவர் என்று எப்படி அளப்பது? திருநீற்றுப் புதன் பூசையில் வாசிக்கிற நற்செய்தியே, நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் வைத்து முகத்தைக் கழுவிக்கொள், யாருக்கும் தெரியவேண்டாம் என்கிறது. அதற்கு அடுத்த வெள்ளி ஏசாயா 58 வாசிக்கிறோம். நோன்பு நாளிலேயே வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று கடவுள் கேட்கிற இடம் அதில் வருகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசுதான் ஞாபகம் வருகிறது. மயங்கி விழுந்தவளுக்கு அரைப்பேர் போட்டவர்களில் நெற்றியில் சாம்பலோடு நின்றவரும் ஒருவர்.

ஆகவே பாதர்மார், போதகர்மார், பாஸ்டர்மார் எல்லோரிடமும் கேட்கிறேன். ஏப்ரல் 3ஆம் திகதி பெரிய வெள்ளிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. மலையில் வேலை செய்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பூசையில், ஆராதனையில், சபையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதாது, வாசிக்கத் தெரியாத அம்மாமார் எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர்.

வருகிற வெள்ளியும் ஒருசந்திதான் என்று அந்தத் தங்கச்சி சொல்லிக்கொண்டு திரிகிறாள். இரண்டு ரொட்டியும் கொஞ்சம் சம்பலும் கட்டிக் கொடுக்கத்தான் போகிறேன். நான் சொன்னால் சாப்பிடமாட்டாள். பாதர் சொன்னால் சாப்பிடுவாள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து வாசகி,
தலவாக்கலை