அதட்டினால் பந்து பின்னால்தான் போகும்

ஆசிரியருக்கு,

கண்டிப்பான கால்பந்துப் பயிற்சியாளர் என்றதும் மான்செஸ்டர் யுனைடெட் அணியை நடத்திய அலெக்ஸ் பெர்குசனின் கோபத்தைத்தான் சொல்கிறார்கள். 1995-இல் ரசிகரை உதைத்து எட்டு மாதத் தடை வாங்கிய அவரது அணி வீரர் கான்டோனா விலக நினைத்தபோது, பாரிஸ் வரை தேடிப்போய் மனதை மாற்றியவரும் அவரேதான். இங்கிலாந்தின் 1996 எப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியின் ஒரே கோல் கான்டோனாவுடையது.

நம் பள்ளி மைதானங்களில் கோபத்தை மட்டும் காப்பியடிக்கிறார்கள். கோட்டுக்கு வெளியே நின்று ஓயாமல் கத்தினால் பையன் தலைநிமிர்ந்து பார்க்க மாட்டான்; எதிராளியை வெட்டிக் கடக்கப் பயந்து, பந்தைக் கோல்கீப்பருக்கே திருப்பித் தள்ளுவான். இடைவேளையில் முதலில் தண்ணீர் கொடுங்கள், மூச்சு வாங்கட்டும். பிறகு இரண்டே திருத்தங்கள் போதும். மூன்றாவது காதில் ஏறாது. பயிற்சிக்குத் தாமதமாக வருபவனை வெளியே உட்கார வையுங்கள். எல்லார் முன்னிலையிலும் திட்டாதீர்கள்.