வேரில் சுருள், நுனியில் கம்பி

அன்புள்ள குட்டிம்மா,

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். குளியலறைக் கண்ணாடி, ஈரத்தலை, அழுத மூஞ்சி. வகிட்டிலிருந்து நாலு விரற்கடை அளவுக்குப் புஸ்ஸென்று எழும்பி நிற்கிற முடி, அதற்குக் கீழே தோள் வரைக்கும் குடைக்கம்பி மாதிரி தொங்குகிற முடி. "ரெண்டு பேர் தலையை ஒட்டவெச்ச மாதிரி இருக்கு அத்தை. திரும்பப் போய் ஸ்ட்ரெயிட் பண்ணிக்கட்டுமா? அடுத்த மாசம் இன்டர்வியூ வேற" என்று எழுதியிருந்தாய். "வேண்டாம், பொறு" என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. இதே தலையோடு கண்ணாடி முன்னால் நிற்கிறவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முடியை நேராக்குகிற ரீபாண்டிங்குக்காக நானும் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். கல்லூரி இரண்டாம் வருஷத்தில் ஆரம்பித்து எட்டு வருஷம். 'காக்காக்கூடு' என்று கூப்பிட்டே என் பெயரை மறந்துபோன ஒரு வகுப்பில் படித்தேன், அதனால். கந்தக நெடியடிக்கிற அந்த மருந்தின் வாடை இன்னும் எனக்கு மூக்கிலேயே இருக்கிறது. கடைசித் தடவை, மருந்தைத் தடவிவிட்டுப் போன் பேசப் போன பெண் வெகு நேரம் வரவில்லை. காதுக்குப் பின்னால் எரிகிறது என்றேன். "கொஞ்சம் எரியத்தான் செய்யும் மேடம்" என்றாள். மறுநாள் அந்த இடம் பொருக்குத் தட்டியது. நாலாம் நாள் சீப்போடு ஒரு கற்றை முடி வந்தது. அங்கே முடி திரும்ப வந்துவிட்டது, ஆனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்தால் நீயும் போகமாட்டாய் என்று நினைக்கிறேன். முடி என்பது கெரட்டின் என்கிற புரதம். அந்தப் புரத இழைகளைக் குறுக்கே பிணைத்துவைத்திருப்பவற்றில் இரண்டு பிணைப்புகளைத் தெரிந்துகொள். ஒன்று கந்தகப் பிணைப்பு. ரொம்ப உறுதியானது, சுருளின் வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பது. ரீபாண்டிங்கில் போடுகிற முதல் மருந்து அதை அறுக்கிறது, சூடான அயர்ன் முடியை நேராக இழுக்கிறது, இரண்டாவது மருந்து அந்த நேரான நிலையிலேயே மறுபடி பூட்டிவிடுகிறது. பூட்டினது பூட்டினதுதான். எந்த ஹேர் மாஸ்க்கும் எந்த எண்ணெயும் அந்த முடியில் சுருளைத் திரும்பக் கொண்டுவராது. தோலுக்கு வெளியே வந்த முடியில் உயிருள்ள செல் கிடையாது, காயம் ஆறுவது போல ஆற அதற்கு வழியில்லை. புட்டியில் 'ரிப்பேர்' என்று எழுதியிருப்பதெல்லாம் மேலே பூசி மெழுகுகிற வேலை. ஆனால் மருந்து தோலுக்கு அடியில் இருக்கிற வேர்க்கால் வரை போகவில்லை. அது பாட்டுக்கு உன் பழைய சுருளைச் செய்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த நாலு விரற்கடை அதுதான்.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். உன் படத்தில் இருப்பதை இழுத்துப் பிடித்து அளந்தால் 7, 8 சென்டிமீட்டர் வரும். ஆக, தெரிந்தோ தெரியாமலோ நீ ஏழெட்டு மாதம் பொறுத்துவிட்டாய். இப்போது திரும்ப மருந்து வைத்தால், ஏற்கெனவே ஒருமுறை அறுபட்ட முடியின் மேல் அது கொஞ்சமாவது படியும். இரண்டு முறை மருந்து பட்ட முடி அந்த இடத்தில் சுலபமாக ஒடியும்.

"அப்போ கெரட்டின் ட்ரீட்மென்ட்? அது மருந்தே இல்லையாமே" என்று நீ அடுத்ததாகக் கேட்பாய். அந்த வகைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது அயர்ன் வைக்கும்போது அது வெளியாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்திய பொருள் அது. 2022-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் ஒரு ஆய்வை வெளியிட்டன. 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடியை நேராக்கும் பொருள்களை வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது என்பதற்கு மேல் அந்த ஆய்வு போகவில்லை, இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் இல்லை. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் முடியை இஸ்திரி போட்டது போல வைத்துக்கொள்வதற்காக இதையெல்லாம் மூக்கில் ஏற்றிக்கொள்ளணுமா?

சரி, இப்போது அந்த எல்லைக்கோடு. சுருள் முடிந்து கம்பி ஆரம்பிக்கிற இடம். உன் தலையிலேயே பலவீனமான இடம் அதுதான். நம்பாவிட்டால் சீப்பில் வந்த ஒரு முடியை எடுத்து இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பார். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறும். நான் 14 மாதம் பொறுத்தேன், ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியில் ரெண்டு விரற்கடை வெட்டிக்கொண்டே வந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு வந்து, எல்லைக்கோட்டில் விரலை வைத்துக் கத்திரியைப் போட்டேன். காதளவுதான் மிஞ்சியது. முதல் கற்றை தரையில் விழுந்தபோது அழுதேன், ஐந்தாவது கற்றையில் சிரித்தேன், உங்க அப்பா கதவைத் தட்டி "என்னடி பண்றே உள்ளே?" என்று கத்தினான். வெட்டுவதா வளர்ப்பதா என்பது உன் இஷ்டம். என்னைக் கேட்டால் இன்டர்வியூவுக்கு முன்னால் வெட்டாதே. புதுத் தலையைக் கையாளப் பழகவே ரெண்டு மூணு மாதம் ஆகும், அந்தப் படபடப்பு இப்போது வேண்டாம்.

இரண்டாவது பிணைப்பைச் சொல்லவில்லையே. ஹைட்ரஜன் பிணைப்பு. லேசானது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். தண்ணீர் பட்டால் கழன்றுவிடும், காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி கோத்துக்கொள்ளும். ரொம்ப நாள் நான் செய்துகொண்டிருந்த தப்பு இதில்தான் இருக்கிறது. அப்போது நான் காய்ந்த பிறகு சீவினேன், நீ இப்போதும் அப்படித்தான் சீவுகிறாய். காய்ந்த சுருளைச் சீவினால் சேர்ந்திருந்த கற்றைகள் பிரிந்து ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நிற்கும். அதைத்தான் பரட்டை என்கிறார்கள். சுருளை ஈரத்தில்தான் தொட வேண்டும், காய்ந்தபின் கையை எடுத்துவிட வேண்டும். மற்ற எல்லாக் குறிப்பையும் நீ மறந்தாலும் பரவாயில்லை.

தலைக்குக் குளிக்கிற நாளில் நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் முடியின் நீளத்துக்கு மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அதில் இருக்கிற லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னது, முடிக்குள் புகும், கழுவும்போது புரதம் கரைந்துபோவதைக் குறைக்கும். மினரல் ஆயில் அப்படிப் புகாது, மேலேயே நிற்கும். மண்டையில் எண்ணெயை அப்பிக்கொண்டால் முடி வளரும் என்பதை நான் நம்புவதில்லை. பொடுகு இருக்கிறவர்கள் மண்டையில் எண்ணெய் தடவவே கூடாது, பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்கிற பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி.

ஷாம்பூ மண்டைக்கு மட்டும். நகத்தால் பிராண்டாமல் விரல் நுனியால் தேய். நுரை வழிந்து இறங்குவதே நீளத்துக்குப் போதும். பிறகு கண்டிஷனர், இதில் கஞ்சத்தனம் பார்க்காதே. நேர்முடிக்காரர்களுக்கு மண்டையில் சுரக்கிற எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். நமக்கு ஒவ்வொரு வளைவிலும் தட்டித் தட்டி நின்றுவிடும், அதனால்தான் வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே சிக்கெடு. முதலில் விரல், அப்புறம் அகலப்பல் சீப்பு. நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறு. மேலிருந்து இழுத்தால் சிக்கு கீழே போய் ஒரே முடிச்சாகிவிடும். ஈர முடி ரப்பர் மாதிரி நீளும், ஒரு அளவுக்கு மேல் அறும், அதனால் இழுக்காமல் அவிழ். எல்லைக்கோட்டுப் பக்கம் வரும்போது கற்றையின் மேல்பகுதியை இன்னொரு கையால் பிடித்துக்கொள். சீப்பில் முடியைப் பார்த்து அலறாதே, நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு, சுருட்டை முடியில் அது உடனே கீழே விழாமல் சிக்கிக்கொண்டு குளிக்கிற நாளில் மொத்தமாக வரும். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் மட்டும் தோல் மருத்துவரிடம் போ, என்னைக் கேட்காதே.

அலசியதும் துண்டைச் சுற்றாதே. தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதே ஹேர் ஜெல்லைக் கையில் தேய்த்து, தலையைக் கவிழ்த்து, நுனியை உள்ளங்கையில் ஏந்தி வேர்ப்பக்கமாகக் கசக்கிவிடு. 'சளக் சளக்' என்று சத்தம் கேட்கணும். கேட்கவில்லையென்றால் தண்ணீர் போதவில்லை, இன்னும் கொஞ்சம் தெளித்துக்கொள். பிறகு ஒரு பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடு. டர்க்கித் துண்டின் நூல் கண்ணிகள் கற்றையைக் கலைத்துவிடும். அடுத்தது கஷ்டமான வேலை, சும்மா இருப்பது. காய்கிற வரை தொடக்கூடாது. எனக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கை பரபரக்கும், போய்ப் பாத்திரம் கழுவுவேன். காய்ந்ததும் முடி மொரமொரப்பாக, ஓடு போட்டது போல இருக்கும். 'ஐயோ, குச்சி மாதிரி ஆயிடுச்சே' என்று நான் முதல் தடவை திரும்பக் கழுவிவிட்டேன், மடச்சி! அந்த ஓட்டைக் கையால் கசக்கி உடைத்தால் உள்ளே மெத்தென்று சுருள் இருக்கும். உன் கம்பி நுனிகள் மட்டும் சுருளாது. அதற்கு ஈரத்திலேயே ரெண்டு ரெண்டு கற்றையாக முறுக்கி, நுனியைத் துணி ரோலரில் சுற்றிக் காயவிடு. அடுத்த ஈரம் படும்வரை நிற்கும். இன்டர்வியூவுக்கு அது போதும்.

ஷாம்பூவில் நுரை தருகிற சல்பேட், முடியை வழுவழுப்பாக்குகிற சிலிக்கோன் என்று உனக்குப் பட்டியல் பட்டியலாகச் சொல்வார்கள். சல்பேட் இல்லாத ஷாம்பூவில் எனக்கு வறட்சி குறைந்தது, ஆனால் மாதம் ஒருமுறை சாதாரண ஷாம்பூ போடாவிட்டால் ஜெல் படிந்து பிசுபிசுக்கிறது. சுருளின் வகையைச் சொல்கிற 2ஏ, 3பி, 4ஏ என்கிற எண்கள் ஆண்ட்ரே வாக்கர் என்கிற அமெரிக்க முடி ஒப்பனைக் கலைஞர் கொண்டுவந்த முறை. ஒரே தலையில் மூணு எண் இருக்கலாம், அதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதே. தண்ணீர் டம்ளரில் முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கிற சோதனையும் வீண்வேலைதான்.

ராத்திரி சாட்டின் தலையணை உறை, அல்லது சாட்டின் துணியைத் தலையில் கட்டிக்கொள். முடியை உச்சியில் தளர்வாக, ஒரே சுற்று மட்டும் ஸ்க்ரஞ்சி. காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கசக்கினால் முக்கால்வாசி சுருள் எழுந்துவிடும். பின்னல் போடு, கொண்டை போடு, ஆனால் நெற்றியோரம் வலிக்கிற அளவுக்கு இழுத்துக் கட்டாதே. தினமும் இழுபடுகிற வேர்க்கால் ஒரு கட்டத்தில் களைத்துவிடும். ஆரம்பத்திலேயே தளர்த்தினால் முடி திரும்ப வரும், வருஷக்கணக்கில் விட்டால் தழும்பாகி வராமலே போய்விடும். சுருள் காய்ந்ததும் நீளம் குறைந்து பாதியாகத் தெரியும். யாரும் வெட்டிக்கொண்டு போகவில்லை, அது உள்ளேதான் இருக்கிறது.

இன்டர்வியூவில் 'நீட்டா இல்லை' என்று நினைப்பார்களோ என்றாய். அந்த வார்த்தையால் நம்மைவிட எவ்வளவோ அதிகம் பட்டவர்கள் இருக்கிறார்கள். 'நேச்சுரல் ஹேர்' என்று இன்று புட்டிகளில் எழுதுகிறார்களே, அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் ரிலாக்சர் என்கிற, முடியை நேராக்கும் மருந்தை விட்டு வெளியே வந்தபோது தங்கள் முடிக்குச் சொன்ன பெயர் அது. பள்ளியிலும் வேலையிடத்திலும் அந்த முடியை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று கலிஃபோர்னியா 2019-இல் சட்டமே போட வேண்டியிருந்தது. சாட்டின் உறையும், சிக்கெடுக்கிற முறையும், எல்லைக்கோட்டில் வெட்டுகிற துணிச்சலும் எனக்கு அவர்கள் எழுதியதையும் காட்டியதையும் பார்த்து வந்தவைதான். நம் கூடத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த ஞாயிறு தலைக்குக் குளிப்பாய்தானே? கண்டிஷனர் போட்டதும் எனக்கு வீடியோ கால் போடு. போனை ஈரம் படாத உயரத்தில் சாய்த்து வை, போன தடவை மாதிரி வாளிக்குள் போட்டுவிடாதே. சிக்கெடுக்கும்போது கூடவே இருக்கிறேன். கற்றையைப் பிடிக்கச் சொல்கிற இடத்தில் பிடி, விடச் சொல்கிற இடத்தில் விடு. உங்க அம்மா வந்து "இன்னுமா குளிக்கிறே?" என்று கேட்டால் போனை அவள் பக்கம் திருப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை