கறுப்புச் சட்டையும் விரல் கூடும்

அன்பு மகனுக்கு,

பொங்கலுக்கு வந்துவிட்டு நீ பெங்களூர் திரும்பி இருபது நாட்கள் ஆகின்றன. காணும் பொங்கலன்று நம் வீட்டுத் திண்ணையில் நடந்தது என் மனதில் இன்னும் ஆறவில்லை. தொலைபேசியில் பேசினால் கோபமாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

மெட்டாலிகா என்ற ராக் இசைக் குழுவின் பெயர் எழுதிய கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு உன் தங்கை ஆசையாக உன் முன்னால் வந்து நின்றாள். நீ, 'ஐந்து பாட்டுக்குப் பெயர் சொல், பார்க்கலாம்' என்றாய். அவள் இரண்டு சொன்னாள். 'போஸர்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாய். உங்கள் வட்டத்தில் அதற்கு வேடம் போடுகிறவர் என்று பொருளாம். பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள். அன்று மாலையே அந்தச் சட்டையைத் துவைத்து மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டபோதும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

2011 அக்டோபரில் அந்தக் குழு பெங்களூருக்கு வந்தபோது, அம்மாவிடம் பணம் வாங்கிக்கொண்டு கும்பகோணத்தில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறிப் போனாய். திரும்பி வந்து கச்சேரியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாய். ஆனால் வரிசையில் நின்ற ஒருவர் உன் புதுச் சட்டையைப் பார்த்துவிட்டு இதே ஐந்து பாட்டுக் கேள்வியைக் கேட்டதை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாய். அம்மா என்னிடம் சொன்னாள். அன்றிரவு நான் தூங்கவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்கும் பழக்கமானது. பத்தொன்பது வயதில் தவிலைத் தூக்கிக்கொண்டு ஒரு கோயில் திருவிழாவுக்குப் போனபோது, நான் ஒரு சொல் வாசிப்பதற்கு முன்பே, 'எந்தப் பரம்பரை?' என்று கேட்டு, மேளக்காரர் வீட்டில் பிறக்காதவன் என்று தெரிந்ததும் சுருதிக்கு ஒத்து ஊதுகிற ஒத்துக்காரருக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். என் கையைக் கேட்டிருந்தால் அது பதில் சொல்லியிருக்கும்.

பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் கதையை எனக்குச் சொன்னதே நீதான். பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்த பதினேழு வயதுப் பையனின் வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரம் வெட்டிவிட, அவன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு மறுபடியும் கிட்டாரை எடுத்தான் என்றும், கம்பி அழுத்த வலிக்காமல் இருக்கப் பின்னாளில் சுருதியையே இறக்கிக் கட்டினான் என்றும், 1970இல் பிளாக் சப்பாத் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலிருந்துதான் ஹெவி மெட்டல் என்கிற உங்கள் அதிரடி ராக் இசையின் வரலாறு தொடங்குகிறது என்றும் சொன்னாய். அப்போது நான் துணியையும் பசையையும் சுற்றிக் காய வைத்து, தவில் வாசிக்கும்போது மாட்டிக்கொள்ளும் என் விரல் கூடுகளை எடுத்து உன் கையில் போட்டுவிட்டேன், நினைவிருக்கிறதா? பிழைக்க வேண்டிய தேவையிலிருந்து பிறந்தது அந்த ஓசை. அதைக் கேட்க வருகிறவரிடம் சான்றிதழ் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

சுருதி இறக்கம் நம் ஊருக்கும் புதிதல்ல. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, திமிரி என்கிற குட்டை நாயனத்தின் உச்ச சுருதியை விட்டு, நீளமான பாரி நாயனத்துக்கு வந்தார். அதை நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்தார்கள். அவர் குடுமியை எடுத்து கிராப் வைத்து, ஷெர்வானி போட்டுக்கொண்டதைச் சம்பிரதாயக்காரர்கள் பொறுக்கவில்லை. 1996இல் மெட்டாலிகா முடி வெட்டிக்கொண்டதற்கு விலைபோய்விட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்ததாக நீ சொன்னபோது எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். இன்றைக்கு அவருடைய தோடி ராகத்தைக் கேட்கிறவர் யாரும் தலைமுடியைப் பற்றி நினைப்பதில்லை.

மோகத்தால் கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்துக் கல்யாணங்களில் செண்டை மேளம் வைப்பது நாகரிகமான பிறகு எனக்கு முகூர்த்த வாசிப்பு எத்தனை குறைந்தது என்று உனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வருவது, பத்து நிமிடம் கூட உட்கார்ந்து கேட்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் தூணோரம் ஒரு பையன் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தால், அவனை அங்கே கொண்டுவந்தது பந்தி என்பதற்காக நான் அவனை விரட்ட மாட்டேன்.

உன் தங்கை ஒரு தொலைக்காட்சித் தொடர் வழியாக வந்தவள் என்பதுதானே உன் குறை? 1986இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டு 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் ஒலித்த பிறகு, புதிதாக வந்தவர்களைப் பழைய ரசிகர்கள் எள்ளியபோது, அந்தக் குழுவே முன்வந்து அவர்களை வரவேற்றதாகச் சொன்னாள். பாடினவர்களுக்கே இல்லாத தடை உனக்கு ஏன்?

நீ ஊருக்குப் போன மறுநாள் அவள் அந்தப் பாட்டை என் காதில் மாட்டிவிட்டாள். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நடுவில் வேகம் எல்லாம் அடங்கி, ஒற்றைக் கிட்டார் மெதுவாக இழையும் இடத்தில் அவள் என் தோளைத் தட்டி, 'அப்பா, இந்த இடத்தைக் கேளுங்கள்' என்றாள். தனி ஆவர்த்தனத்தில் அடக்கி வாசிக்கும் இடத்தைக் காட்டுகிறவர்கள் இப்படித்தான் தட்டுவார்கள். வேடம் போடுகிறவளுக்கு அந்த இடம் தெரியாது.

சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்கு வருகிறாள். நீ கூப்பிட்டு, அடுத்து எந்த இசைத்தட்டைக் கேட்க வேண்டும் என்று சொல். சட்டையை நான் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா