9:42 என்று சொன்ன தம்பிக்கும், அன்றிரவு உடனிருந்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து வணக்கம். இந்த மடலைப் போன நவம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். நேரில் பார்த்தபோதெல்லாம் நன்றி சொல்லிவிட்டேன்தான். ஆனால் அன்றிரவு யார் என்ன செய்தார்கள் என்பது உங்களில் பலருக்கு இன்னும் தெரியாது. கேட்டில் நின்றவருக்கு சர்வர் அறையில் நடந்தது தெரியாது. போனில் பேசிய அக்காவுக்கு கேட்டில் நடந்தது தெரியாது. முழுக்கதையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டு, திருவொற்றியூரில் அலுவலகம். எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது, எது வெளியே போனது என்ற கணக்கெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் ஓடும் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) நான். அன்று புதன்கிழமை, விடாத மழை. ஒரு பெட்டியின் நிலை தவறாகப் பதிவாகி, அதன் டிரைவர் கேட்டில் காத்திருந்தார். அதைத் திருத்த உட்கார்ந்த டெவலப்பர் தம்பி, நான்கு வரி அப்டேட்டில் மேல் மூன்று வரியை மட்டும் செலக்ட் செய்து ரன் கொடுத்துவிட்டார். விடுபட்டது வேர் (WHERE) கண்டிஷன், அதாவது எந்தப் பெட்டியை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் வரி. ஒரு ரோ (ஒரு பெட்டியின் பதிவு) மாறியது என்று வர வேண்டிய இடத்தில் 7,318 என்று வந்தது. யார்டில் அடுக்கியிருந்த அத்தனை பெட்டிகளும் கணக்குப்படி கேட்டைத் தாண்டிப் போய்விட்டன.

தம்பி, முதல் நன்றி உனக்குத்தான். இரண்டே நிமிடத்தில் கூப்பிட்டாய். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லில் குழப்பமே இல்லை. "அண்ணா, நான்தான் பண்ணிட்டேன். மணி 9:42. ஸ்கிரீனை அப்படியே வெச்சிருக்கேன், எதையும் தொடல." சோற்றில் கை வைத்திருந்தேன், அப்படியே எழுந்துவிட்டேன்.

நீ சொன்ன அந்த மணிக்கு என்ன மதிப்பு என்று இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஞாயிறு இரவு நாங்கள் முழு பேக்கப் எடுப்போம். அதற்குப் பிறகு நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் 16 எம்பி அளவுள்ள லாக் கோப்புகளாக இன்னொரு மெஷினில் போய்ச் சேரும். அதை வால் (WAL) என்போம். விபத்து நடந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பிரதியை வேறொரு சர்வரில் எழுப்பி, அந்த வால் கோப்புகளை வரிசையாக ஓட்டி, தவறு நடப்பதற்கு ஒரு கணம் முன்பு நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. யாரும் வாய் திறக்காவிட்டால் கோப்பு கோப்பாகத் துழாவிக் கண்டுபிடிக்கலாம், ஆனால் விடிந்துவிடும். நீ சொன்ன ஒரு நிமிடத்துக்குள் தேடினோம். கமிட் ஆன (மாற்றம் உறுதியாகப் பதிவான) நொடி வரைக்கும், 9:42:17, கையில் கிடைத்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்கிறேன். ப்ரொடக்‌ஷனில் (நிஜமாக ஓடும் டேட்டாபேஸில்) எழுதும் அனுமதி உனக்கு இருந்திருக்கவே கூடாது. ஒரு அவசர வேலைக்காக "ரெண்டு நாளைக்கு மட்டும்" என்று நான் கொடுத்தது. திரும்ப எடுக்க மறந்ததும் நான். அன்றிரவு நீ இதைச் சொல்லியிருந்தால் பழி பாதிக்குப் பாதி என் மேல் வந்திருக்கும். நீ சொல்லவில்லை. மறுநாள் நானாகச் சொல்லும்வரை யாருக்கும் அது தெரியாது.

மழையில் பைக் எடுக்க முடியவில்லை. தண்டையார்பேட்டை ஸ்டேஷனுக்கு ஓடி மெட்ரோ பிடித்தேன். விம்கோ நகர் வரைக்கும் இந்தப் பாதை 2021 பிப்ரவரியில்தான் திறந்தது. அதற்கு முந்தைய மழைக்காலமாக இருந்திருந்தால் டோல்கேட் பக்கம் எங்கேயோ தண்ணீரில் நின்றுகொண்டிருப்பேன்.

ரயிலிலிருந்தே பெரம்பூர் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் எங்கள் கம்பெனி இல்லை. பத்து வருஷத்துக்கு முன் ஓர் இடத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம், அவ்வளவுதான் உறவு. அக்கா, நீங்கள் "என்னப்பா இந்த நேரத்துல" என்றுகூடக் கேட்கவில்லை. "அந்த டேபிளுக்கு ஆட்டோவாக்யூம் ஓடிடுச்சா பாரு" என்றீர்கள். போஸ்ட்கிரெஸ் அப்டேட் செய்யும்போது பழைய ரோவை உடனே அழிப்பதில்லை. புதியதைப் பக்கத்தில் எழுதிவிட்டு, பழையதை வாக்யூம் வந்து கூட்டும்வரை அப்படியே விட்டுவைக்கும். அது கிடைத்தால் வேலை எளிது. போய்ப் பார்த்தால் எல்லாம் கூட்டி முடித்திருந்தது. என் தெம்பு போய்விட்டது. நீங்கள் மட்டும் சளைக்கவில்லை. "சரி, அந்தக் கதவு மூடிடுச்சு. இன்னொரு சர்வர்ல எழுப்பு, நான் லைன்லயே இருக்கேன்" என்றீர்கள். இருந்தீர்கள், விடிகாலை நான்கு மணி வரை. மறுநாள் உங்களுக்கு எட்டு மணி ஷிப்ட் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ரெகவரி நேரத்தை நான் டைப் செய்துவிட்டு எண்டர் தட்டப் போனபோது நீங்கள் கேட்ட கேள்வியை மறக்கவே மாட்டேன். "யூடிசியா, ஐஎஸ்டியா?" புது சர்வர் யூடிசியில், அதாவது ஐஎஸ்டி என்ற நம் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், இருந்தது. நான் 21:42:17 என்று வெறுமனே எழுதியிருந்தேன். அதை யூடிசியாக எடுத்திருந்தால் நம் ஊர்க் கணக்கில் விடிகாலை 3:12 ஆகியிருக்கும். தவறையும் சேர்த்து ஓட்டித் தள்ளியிருக்கும், மூன்று மணி நேரம் வீண். பின்னால் +05:30 என்ற ஆறு எழுத்தைச் சேர்க்க வைத்தீர்கள்.

அந்தப் புது சர்வர் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. பிரதியை எழுப்ப எங்களிடம் டிஸ்க் இல்லை. பில்லிங் டீம் லீட் அண்ணா தங்கள் டெஸ்ட் சர்வரைத் துடைத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு டெலிவரி. மூன்று வாரமாகச் சேர்த்துவைத்த டெஸ்ட் டேட்டா அதில் இருந்தது. இதில் ஒரு விஷயம், எனக்கும் அவருக்கும் மூன்று மாதமாகப் பேச்சே சரியில்லை. அவர் கேட்ட இண்டெக்ஸை (தேடலை வேகமாக்கும் ஏற்பாடு) நான் போட மறுத்திருந்தேன். டிக்கெட்டில் மட்டும் "அன்புடன்" எழுதிக்கொள்வோம். அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு ஜிபி வேணும்?" அண்ணா, உங்கள் வேலையை நீங்களே அழித்து எனக்கு இடம் கொடுத்தீர்கள். உங்கள் குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். இண்டெக்ஸ் கேட்டது நியாயம். மறுத்த நான்தான், அந்தக் குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் பிளானைப் பார்க்காமலே மறுத்திருக்கிறேன்.

இந்த நேரமெல்லாம் யார்டு கேட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டன. சிஸ்டம் எல்லாப் பெட்டியும் போய்விட்டது என்கிறது, பெட்டிகளோ கண்ணெதிரே நிற்கின்றன. கேட் கிளார்க் அண்ணன் ஒரு நீள நோட்டை எடுத்தார். "டென்ஷன் ஆவாத சார், கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி நாங்க இதுலதான் ஓட்டினோம்" என்று என்னிடம் போனில் சொல்லிவிட்டு, வண்டி எண், பெட்டி எண், சீல் எண், நேரம் என்று 61 வரி எழுதினார். கையெழுத்து அச்சு மாதிரி. மழையில் ஒரு எழுத்துகூடக் கரையாமல் பிளாஸ்டிக் கவரைப் போர்த்தி எழுதியிருக்கிறார். அந்த டிரைவர் அண்ணன்மாருக்கும் நன்றி. எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்கில் நிற்பது அவர்களுக்கு வழக்கம்தான் என்றாலும், அன்று நின்றது எங்கள் தவறுக்காக. ஒருவரும் கேட்டில் குரலை உயர்த்தவில்லை என்று கேள்விப்பட்டேன்.

எங்கள் மேனேஜர் மேடம் சர்வர் அறைக்குள் வரவே இல்லை. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்களுக்கு வரும் போன்களையெல்லாம் அவரே எடுத்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஒரு முறைகூட எங்களைக் கேட்கவில்லை. தேரடி டீக்கடைக்காரர் கடையை மூடும் நேரத்தில் ஃபிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்தார். ஃபிளாஸ்க் அவருடையது.

2:50-க்கு ரெகவரி நின்றது. 7,318 பெட்டிகளும் பழைய நிலையில் திரையில் வந்தன. தம்பி, நீ அழுதாய், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்தப் பிரதியிலிருந்து நிலையை மட்டும் எடுத்து மெயின் டேபிளில் சேர்த்தோம், கேட் நோட்டின் 61 வரியைக் கையால் ஏற்றினோம். நீ வாசிக்க, நான் அடிக்க, அக்கா போனில் எண்ண. 4:20-க்கு கேட் சிஸ்டம் திறந்தது.

முகம் தெரியாத சிலருக்கும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை. குறித்த நேரத்துக்குத் திரும்பும் இந்த வசதி 2005-இல் வந்த 8.0 பதிப்பில் சேர்ந்தது. அதை எழுதியவர்களும், அதன் ஆவணத்தைத் தெளிவாக எழுதி இலவசமாகப் படிக்கக் கொடுத்தவர்களும் எங்கள் யார்டைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அன்றிரவு அவர்களும் எங்களோடு இருந்தார்கள்.

காலையில் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட, ஆறு மணி நேர டேட்டா போனது. அவர்கள் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டி, எந்தெந்த பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை என்று ஊருக்கே எழுதினார்கள். மேனேஜர் மேடம் அதைப் படித்திருந்தார். எங்கள் அறிக்கையிலும் பெயர் வேண்டாம் என்றார். என்ன நடந்தது, எந்த அனுமதி திரும்ப எடுக்கப்படவில்லை, இனி ஆட்டோகமிட் (ரன் கொடுத்ததுமே மாற்றத்தை உறுதியாக்கிவிடும் வசதி) எங்கே அணைந்திருக்க வேண்டும் என்பது மட்டும் இருந்தது. அனுமதி பற்றிய வரியை நான்தான் எழுதினேன்.

இப்போது மாதம் ஒரு முறை ரீஸ்டோர் டெஸ்ட் (பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்கும் சோதனை) நடக்கிறது. அதை நடத்துவது தம்பிதான். கேட்டுக்குப் புது நீள நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். பழையது என் மேசை டிராயரில் இருக்கிறது.

பெரம்பூர் அக்காவுக்கு மட்டும் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் ஆபீஸில் வரும் மாதம் வெர்ஷன் மாற்றப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த ராத்திரி என் போன் சார்ஜில் இருக்கும். மணி பார்க்காமல் கூப்பிடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் டிபிஏ,
தண்டையார்பேட்டை